நர்ஸ் ஆகணுமா கண்ணு? பயத்தை வாசலிலேயே விட்டுட்டு வா!

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு சாயங்காலம். நெய்க்காரப்பட்டியில் என் வைத்தியசாலையை மூடுகிற நேரம். அப்பாவும் மகளுமாக இரண்டு பேர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். அப்பா வெல்ல ஆலையில் கொப்பரை அடுப்புக்குத் தீ போடுகிறவர். பெண் அந்த வருஷம்தான் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருந்தாள்.

"டாக்டருங்க, இந்தப் புள்ளை நர்சிங் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. ஆனா ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுந்துருதுங்க. பள்ளிக்கூடத்துல ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துனப்பவே விழுந்திருச்சு. இதுக்கெல்லாம் நர்சிங் ஒத்து வருமுங்களா? ஏதாச்சும் லேகியம் இருந்தாக் குடுங்க."

"லேகியம் அப்புறம் பார்க்கலாம். மொதல்ல உக்காருங்க" என்றேன்.

பெண்ணைப் பார்த்தேன். தலையைக் குனிந்தபடி, "எனக்கு இங்கிலீஷும் வராதுங்க சார். நர்சிங் பூரா இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களாமா" என்றாள்.

அதோடு முடியவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்தார். 'ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம், வேலை உறுதி' என்று அச்சடித்திருந்தது. "நாப்பதாயிரம் கட்டணுமாம். நாளைக்கே கட்டுனாத்தான் சீட்டுங்கறாங்க. வூட்டுக்காரி தோடு இருக்குதுங்க, வெச்சுப்போடலாம்னு பார்க்கறேன்."

மயக்கம், இங்கிலீஷ், நோட்டீஸ். இந்த மூன்றும் அந்த ஒரு வீட்டுப் பிரச்னை அல்ல. ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற ஒவ்வொரு மே மாதமும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்று

முதலில், 'நர்ஸ் வேலையா?' என்று மூக்கைச் சுளிக்கிற உறவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை.

நர்சிங் நமக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்சிங் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலைதான் பிறகு சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946இல், இந்தியாவில் நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய முதல் இடங்களில் வேலூரும் ஒன்று. டெல்லியும் வேலூரும்தான் அந்தப் பெருமைக்கு உரியவை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துக்கு வாருங்கள். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்து, சின்ன வயதிலேயே கணவரையும் இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் என்றால் அடுப்படி மூலைதான். ஆனால் அவர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, 1936இல் டாக்டராக வெளியே வந்தார். 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளபட்டியில் ஒரு சின்னப் பிரசவ விடுதியாக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கிய மண் அது.

'நம்மால் முடியுமா?' என்று கேட்கிற பெண்ணுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பதில் கிடையாது.

எந்தப் படிப்பு, எவ்வளவு காலம்?

'நர்சிங்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன.

பி.எஸ்ஸி. நர்சிங்: நாலு வருஷப் பட்டப்படிப்பு. இப்போது எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளும் சேரலாம்.

டிப்ளமோ நர்சிங்: ஜி.என்.எம். என்பார்கள். மூன்று வருஷம். இதை முடித்துப் பதிவு செய்தவர்கள் பிற்பாடு இரண்டு வருஷம் 'போஸ்ட் பேசிக்' படித்து பி.எஸ்ஸி. பட்டமும் வாங்கலாம். ஆகவே 'டிப்ளமோதானே' என்று முகம் சுண்ட வேண்டியதில்லை. அது நடுவில் நிற்கிற படிக்கட்டு அல்ல. மேலே ஏறுகிற படிக்கட்டு.

ஏ.என்.எம்.: இரண்டு வருஷம். நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற, கர்ப்பிணியின் வீடு தேடி வருகிற கிராம சுகாதார நர்ஸ் அம்மா படித்த படிப்பு இந்த வகைதான்.

அந்த கிராம நர்ஸைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்தமான் தீவில் ஓங்கி பழங்குடியினர் நடுவே, 2004 சுனாமிக்குப் பிறகும் விடாமல் வேலை பார்த்த சாந்தி தெரசா லக்ரா என்ற நர்ஸுக்கு 2011இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது இந்திய அரசு.

சீட் வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, ப்ளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போட்டு, கவுன்சலிங் நடத்துகிறது. இட ஒதுக்கீடும் உண்டு. ரிசல்ட் வந்த சில வாரங்களில் அறிவிப்பு வரும். டிப்ளமோவுக்கு அறிவிப்பு தனியாக வரும். இரண்டையும் கவனியுங்கள், இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள்.

வெளியிலும் வாசல்கள் இருக்கின்றன. எய்ம்ஸ் நிறுவனங்கள் நர்சிங்குக்கென்று தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. ராணுவ நர்சிங் படிப்புக்கு நீட் மார்க் கேட்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. தன் சேர்க்கையைத் தானே அறிவிக்கிறது.

2023இல் நர்சிங் துறைக்கென்று ஒரு புதிய தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதனால் விதிகள் மாறிக்கொண்டு வரும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்த விதத்தை நம்பி உட்கார வேண்டாம். அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை அப்பா, அம்மா, பெண் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தடவை முழுசாக வாசியுங்கள்.

சான்றிதழ்களை ரிசல்டுக்கு முன்பே தயார் செய்து வையுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்தால் கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று தவிக்க வேண்டாம்.

பணக் கஷ்டம் உள்ளவர்களுக்கு ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்பில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பஸ், நோட்டுப் புத்தகம், சோப்பு, சீப்பு என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் கையேந்தாமல் இருப்பதே ஒரு தைரியம்தான்.

அந்த நோட்டீஸ்!

இப்போது அந்த நாலாக மடித்த காகிதத்துக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில் இப்படித்தான் ஒரு வருஷப் படிப்பை நம்பி நகையை அடகு வைத்தார்கள். பெண் வெள்ளை உடுப்பு போட்டாள், தலையில் தொப்பி வைத்தாள், போட்டோவும் எடுத்து வீட்டில் மாட்டினார்கள். படிப்பு முடிந்து வேலை கேட்டுப் போன இடத்தில், "கவுன்சில் பதிவு எண் எங்கேம்மா?" என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் படித்த இடத்துக்கு அங்கீகாரமே இல்லை. பணம் போனதைவிட, 'நான் ஏமாந்தவள்' என்ற நினைப்பு அந்தப் பெண்ணை ஒரு வருஷம் வீட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. தூக்கமில்லை, சாப்பாடு இல்லை என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். அவளுக்கு மருந்து கொடுப்பதைவிட, "தப்பு உன்மேல இல்ல தாயி" என்று சொல்லிப் புரியவைக்கத்தான் நாளாயிற்று.

ஒரு நர்ஸ் தமிழ்நாட்டில் வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1926இல் வந்த சட்டப்படி நடக்கிற அமைப்பு அது. அங்கே பதிய முடியாத படிப்பு, நர்சிங் படிப்பே அல்ல.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: இந்த நிறுவனத்துக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? அவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்காதீர்கள். கவுன்சிலின் பட்டியலில் அந்த வருஷத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: பி.எஸ்ஸி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா?

மூன்று: பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறார்கள்? அங்கே எத்தனை படுக்கை? நோயாளி இல்லாத இடத்தில் நர்சிங் கற்க முடியாது. தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் கற்ற கதையாகிவிடும்.

'நாளைக்கே கட்டணும்' என்று யார் அவசரப்படுத்தினாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நல்ல படிப்பு உங்களை விசாரிக்க விடும். அன்றைக்கு அந்த அப்பா நோட்டீஸை என் மேஜையிலேயே விட்டுப் போனார். தோடு தப்பித்தது.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கமா?

இது கோழைத்தனம் அல்ல. உடம்பின் ஒரு கணக்குப் பிசகு, அவ்வளவுதான்.

சாதாரண பயத்தில் இதயம் படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி இவற்றைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏறி, உடனே சடாரென்று இறங்கிவிடும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு 'மெதுவா போ' என்று அளவுக்கு மீறிக் கட்டளை போடுகிறது. மூளைக்குப் போகிற ரத்தம் ஒரு நொடி குறைகிறது. கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, ஆள் கீழே. படுத்துவிட்டால் ரத்தம் மறுபடி தலைக்கு வந்து, ஒன்றிரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. 'உடம்பைத் தளர்த்து, அமைதியாக இரு' என்று நாம் சொல்கிற அறிவுரை இந்த மயக்கத்துக்கு உதவாது. அழுத்தம் ஏற்கெனவே இறங்குகிறது. மேலும் தளர்த்தினால் இன்னும் இறங்கும். ஸ்வீடன் நாட்டு மனநல நிபுணர் லார்ஸ் ஓஸ்ட் 1980களில் இதற்கு நேர் எதிரான ஒரு பயிற்சியைச் சொன்னார். மிகச் சுலபம்.

நாற்காலியில் உட்காருங்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் லேசாகச் சூடு ஏறுகிற வரை, பத்துப் பதினைந்து விநாடி. பிறகு சாதாரண நிலைக்கு வாருங்கள். அரை நிமிஷம் கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. தினமும் சில தடவை பழகுங்கள். பழகிய பிறகு முதலில் ஊசியின் படம், பிறகு நிஜ ஊசி, பிறகு வேறொருவருக்கு ரத்தம் எடுப்பதைத் தூர நின்று பார்ப்பது என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் உடனே தசைகளை இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் படுத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரத்தம், ஊசி எதுவுமில்லாமல் மயக்கம் வந்தாலும், ஓடும்போது வந்தாலும், நெஞ்சு படபடப்போடு வந்தாலும், கைகால் வெட்டிக்கொண்டாலும் அது வேறு விஷயம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். "ஏம்மா, போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வந்தவங்களுக்கு உங்க தெருப் புள்ளைங்க எல்லாம் பந்தல்ல காலுக்கு மருந்து போட்டீங்களே, நீயும் இருந்தியல்ல?"

"ஆமாங்க சார்."

"கொப்புளம் உடைஞ்சு ரத்தம் வந்திருக்குமே?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வந்துச்சுங்க. ஒரு பாட்டிக்கு ரெண்டு காலும் புண்ணு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணலைங்க சார். பாவமாத்தான் இருந்துச்சு."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். வாசகர்களே, நான் எந்த லேகியமும் கொடுக்கவில்லை. கவனம் தன்மேல் இருக்கும்போது வந்த மயக்கம், கவனம் அடுத்தவர் வலியின்மேல் இருந்தபோது வரவில்லை. அவளுக்குள் நர்ஸ் ஏற்கெனவே இருந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தைரியம் ரத்தத்திலும் இருக்கிறது

'என்னால முடியாது' என்று சோர்ந்து பேசுகிற பெண் பிள்ளைகளைப் பார்த்தால் நான் முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால், அறிவுரையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவேன். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் சோகைதான். அந்தப் பெண்ணுக்கு 9 கிராம் சொச்சம் இருந்தது. படித்தது மண்டையில் ஏறவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் புத்தி மந்தம் அல்ல, இரும்புச்சத்துப் பற்றாக்குறை.

பள்ளிக்கூடத்தில் வாராவாரம் கொடுக்கிற நீல மாத்திரையை ஜன்னல் வழியே வீசுகிற பிள்ளைகள் உண்டு. வீசாதீர்கள். சோகை அதிகமிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள். எங்கள் சித்த மருத்துவத்தில் சோகையைப் 'பாண்டு' என்போம். அதற்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கிறோம். அன்னபேதி என்பதும் இரும்பின் உப்புதான். அதை மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது: முருங்கைக்கீரை, சுண்டல், கம்பு, கேழ்வரகு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஏதாவது ஒன்று. புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்புக்குள் இழுத்துக்கொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

'ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் கொடுங்க டாக்டர்' என்று பரீட்சை மாதத்தில் நிறையப் பேர் வருவார்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன், கேளுங்கள். எந்த லேகியமும் படிக்காத பாடத்தை எழுத வைக்காது. ராத்திரி ஏழெட்டு மணி நேரத் தூக்கம், படித்ததை ஞாபகத்தில் பதிய வைக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அந்தத் தூக்கத்துக்கு உதவும். அதற்கு மேல் நீங்கள்தான் படிக்க வேண்டும்.

இங்கிலீஷ் பூதம்

நர்சிங்கில் வருகிற இங்கிலீஷ், கதைப் புத்தக இங்கிலீஷ் அல்ல. ஒரு நூறு வேர்ச்சொற்கள் தெரிந்தால் பாதி வண்டி ஓடிவிடும். 'ஹைபர்' என்றால் மிகை. 'ஹைப்போ' என்றால் குறை. 'இட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஈமியா' என்று முடிந்தால் ரத்தம் சம்பந்தப்பட்டது. இப்போது 'ஹைப்போகிளைசீமியா' என்ற சொல்லைப் பிரியுங்கள்: குறை, சர்க்கரை, ரத்தம். ரத்தத்தில் சர்க்கரை குறைவு! எவ்வளவு பெரிய சொல், எவ்வளவு சுலபம்.

ரிசல்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது. தினம் பத்து வேர்ச்சொல் எழுதிப் பழகினால் கல்லூரி போகுமுன் நீங்கள் தயார். வகுப்பில் புரியாததை எழுந்து தமிழிலாவது கேளுங்கள். நோயாளி உங்களிடம் தமிழில்தான் 'வலிக்குதும்மா' என்பார். அந்த வலியை நன்றாகக் கேட்டு வாங்கத் தெரிந்த தமிழ்வழி மாணவிக்கு வார்டில் எப்போதும் ஒரு படி மேல்.

கணக்குக்கும் பயம் வேண்டாம். 500 மில்லி குளுக்கோஸை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நாலு மணி நேரம் என்றால் 240 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இது எட்டாம் வகுப்புக் கணக்கு. நர்ஸின் கையில் அது ஒருவர் உயிர்.

சீட் கிடைக்கவில்லை என்றால்?

நான் ப்ளஸ் டூ முடித்தபோது எனக்கும் எம்.பி.பி.எஸ். கனவுதான். கிடைக்கவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் வந்தது. மூட்டை முடிச்சோடு கிளம்பிய அன்றைக்கு அம்மாவுக்குத் தெரியாமல் அழுதேன். முதல் வருஷம் பாதிவரை, 'இரண்டாம் பட்சம்' என்ற நினைப்பிலேயே கழித்தேன். ஒருநாள் மூலிகைத் தோட்டத்தில் எங்கள் பேராசிரியர், "நீ வந்த வழியையே பார்த்துக்கிட்டிருந்தா, போற வழியில கல் தடுக்கும்டா" என்றார். அதோடு சரி. முப்பது வருஷத்துக்கு மேலாக நோயாளிகள் என்னிடம் வருகிறார்கள். ஒருத்தர்கூட என் ரேங்க்கைக் கேட்டதில்லை.

முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் அடுத்த சுற்று இருக்கிறது. பி.எஸ்ஸி. இல்லாவிட்டால் டிப்ளமோ இருக்கிறது. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இருக்கிறது. பெற்றோரே, ரிசல்ட் வந்த வாரத்தில் பக்கத்து வீட்டு மார்க்கை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற மாதிரி வார்த்தை விட்டால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். கூடவே இருங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பேசுவதில் வெட்கம் இல்லை.

முதல் ஆறு மாதம்

சேர்ந்தாயிற்று. இனிமேல்தான் பாதிப் பேருக்கு ஆட்டம் காணும். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காது, வீட்டு ஞாபகம் வரும், சீனியர் அதட்டுவார், வார்டில் முதல் சாவைப் பார்க்க நேரும். அழுகை வந்தால் அழுங்கள். அன்றைக்கு ராத்திரியே 'நான் இதுக்கு லாயக்கில்லை' என்று முடிவு மட்டும் எடுக்காதீர்கள். பெரிய முடிவுகளைத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்துத்தான் எடுக்க வேண்டும்.

வார்டுக்குள் போகுமுன் மஞ்சள்காமாலை பி வகைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிடுங்கள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நின்று நின்று கால் வலித்தால் ராத்திரி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்திருந்து, தலையணைமேல் உயர்த்திப் படுங்கள். காலைச் சாப்பாட்டை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் படுக்குமுன், 'இன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரு காரியம்' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்ததாகக்கூட இருக்கட்டும். தன்னம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. இந்த வரிகள் சேர்ந்து சேர்ந்துதான் வருகிறது.

'ஊர் என்ன சொல்லும்?' என்று தயங்குகிறவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து அன்பு ரூபியை ஞாபகப்படுத்துகிறேன். திருநங்கையாக எத்தனை பேச்சைக் கேட்டிருப்பார்! நர்சிங் முடித்து, 2019 டிசம்பரில் தமிழக அரசின் பணி ஆணையைக் கையில் வாங்கினார். அவரால் முடிந்தது உங்களால் முடியாதா?

அந்தப் பெண்?

பி.எஸ்ஸி. சீட் அவளுக்குக் கிடைக்கவில்லை. டிப்ளமோ கிடைத்தது. முதல் நாள் ஆபரேஷன் தியேட்டரில் நிஜமாகவே கண் இருட்டியதாம். தசையை இறுக்கிப் பிடித்துச் சுவரோரம் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் எழுந்து மறுபடி உள்ளே போய் நின்றாளாம்.

போன பொங்கல் லீவில் என் வைத்தியசாலைக்கு அவளே அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவர்தான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், அப்பாவுக்கு பிரஷர் 160க்கு 100 இருக்குங்க. மூணு நாள் தொடர்ந்து எடுத்துப் பார்த்துட்டேன். சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. ஆலையில வேற நெருப்புகிட்டயே நிக்கறாரு. நீங்க சொல்லுங்க."

நான் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. "பழனி பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை ஆரம்பிச்சிடுங்க. உப்பைக் குறைங்க" என்றேன்.

அப்பா சிரித்தார். "இதையேதானுங்க அதும் வூட்ல சொல்லுச்சு. நீங்களும் சொன்னாப் போயிர வேண்டியதுதான்."

அடுத்த வாரமே பழனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கூடவே மகளும் போயிருந்தாள், கையில் அந்தச் சின்ன நோட்டோடு.